"மின்ஒழுக்கு" என்று எழுதி முடித்த செய்திகள்

பத்திரிகைத் தொழிலில் நான் மிக அதிகமாக எழுதிய சொற்களுள் ஒன்று "மின்ஒழுக்கு". கடை எரிந்தாலும் மின்ஒழுக்கு, வேன் எரிந்தாலும் மின்ஒழுக்கு. பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்போம், "மின்ஒழுக்கே காரணமாக இருக்கலாமெனச் சந்தேகிக்கப்படுகின்றது" என்று ஒரு வரியைச் சேர்ப்போம், செய்தி முடிந்துவிடும். அந்த வரி எதையும் விளக்கவில்லை என்பது எனக்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், ஒரு முச்சக்கரவண்டிக்குள் அமர்ந்திருந்தபோது உறைத்தது.

சாய்ந்தமருதிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், இருக்கைக்கடியில் ஓர் அம்ப்ளிபயர். நிந்தவூரைத் தாண்டியதும் இறப்பர் கருகும் வாடை வந்தது. ஓட்டிய இளைஞன் வண்டியை ஓரங்கட்டி, பதறிக்கொண்டே பெற்றரியின் முனையைக் கழற்றி எறிந்தான். கால்விரிப்புக்குக் கீழே ஓடிய சிவப்பு வயர் தகட்டின் விளிம்பில் உராய்ந்து, உறை கிழிந்து, வண்டியின் உடலைத் தொட்டிருந்தது. ஒரு முழ நீளத்துக்கு உறை உருகிக் கூழாகிக் கிடந்தது.

"பியூஸ் எங்கே தம்பி?" என்று கேட்டேன்.

"போட்டுத்தான் இருந்த காக்கா. சத்தத்தக் கூட்டினாப் போயிரும். மறுகா கடையில நேரடியாக் குடுத்துத் தந்தாங்க."

இங்கு ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். பாட்டைப் பற்றி எனக்கு முறைப்பாடில்லை. நாள் முழுவதும் கல்முனை வெயிலில் சவாரி பார்க்கின்ற பிள்ளைகள் பாட்டுக் கேட்கட்டும். என் முறைப்பாடு அந்தச் சிவப்பு வயரைப் பற்றியது.

பியூஸ் அம்ப்ளிபயரைக் காப்பாற்றுவதற்கான பொருள் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். "அம்ப்ளிபயரிலேயே ஒரு பியூஸ் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்ற கேள்வி அந்த எண்ணத்திலிருந்து பிறப்பதுதான். அந்தப் பியூஸ் வயரின் கடைசியில் இருக்கின்றது. வயர் நடுவழியில் உடலைத் தொட்டால், பெற்றரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் அம்ப்ளிபயர் வரை போவதேயில்லை. தொட்ட இடத்தோடு திரும்பிவிடுகின்றது. கடைசியில் இருக்கும் பியூஸுக்குச் சேதியே தெரியாது. பன்னிரண்டு வோல்ற் என்று நாம் அலட்சியப்படுத்தும் பெற்றரி, அந்நிலையில் நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டக்கூடியது. கையில் தொட்டால் அதிர்ச்சி தராத அதே பெற்றரி, வயரை அடுப்புக்கம்பியாக்கிவிடும். முச்சக்கரவண்டியில் பெற்றோல் தாங்கியும் அதே சிறு கூட்டுக்குள்தான் இருக்கின்றது.

எனவே பிரதான பியூஸ் பெற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஒன்றரை அடிக்குள் என்பது இத்தொழிலில் உலகெங்கும் சொல்லப்படும் வழக்கம். எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. அதன் அளவையும் வயரின் தடிப்பைப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும். 10 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்கு 60 அம்பியர் போதும். பியூஸ் அடிக்கடி போகின்றதென்றால், வயரும் பியூஸும் அந்த அம்ப்ளிபயருக்குப் போதவில்லை, அல்லது எங்கோ உராய்கின்றது என்று பொருள். நம்மவர்களோ சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகிவிடுகின்றார்கள். 10 அம்பியருக்குச் சிவப்பு, 15க்கு நீலம், 20க்கு மஞ்சள், 30க்குப் பச்சை என்று, எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி நிறம் கொடுத்துச் செய்த பொருளை ஈயத்தாளால் மூடுகின்றோம்.

வயரிலும் ஏமாற்று உண்டு. விரல் தடிப்பில் மலிவாகக் கிடைப்பவற்றுட் பல செம்பு பூசிய அலுமினியம். பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது செம்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே கடத்தும். நம் கரையோரத்து உப்புக்காற்றில் செம்பு முனைகளே பச்சைக் களிம்பு பிடிக்கின்றன. அலுமினியத்தின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. பெட்டியில் "1000 வாட்" என்று அச்சிட்டு, பின்புறத்தில் ஒரேயொரு 25 அம்பியர் பியூஸைச் செருகியிருக்கும் அம்ப்ளிபயர்களையும் பார்த்திருக்கின்றேன். 25ஐ 14 வோல்ற்றால் பெருக்கினால் 350 வாட்; அதிலும் ஒரு பங்கு வெறும் சூடாகப் போய்விடும். மீதி வாட் எந்தக் கடையிலிருந்து வருகின்றதோ!

2025 ஜனவரியில் பொலிஸார் 'க்ளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பொருத்தப்பட்டவற்றைக் கழற்றுவிக்கத் தொடங்கியபோது நாடெங்கும் வாதப்பிரதிவாதம் எழுந்தது. வெளியே கண்ணுக்குத் தெரிகின்றவை பற்றியே அதிகம் பேசப்பட்டது. கால்விரிப்புக்குக் கீழே ஓடும் வயரை யாரும் குனிந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை எங்கே போனதென்று அனைவரும் அறிவோம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவரின் வண்டி எரிந்தால், அவருக்கு ஒரு சதமும் வராது. லீசிங் கட்டணம் மட்டும் மாதந்தோறும் வரும்.

மின்ஒழுக்கு என்பது வயர் உடலைத் தொட்ட நிகழ்ச்சி மாத்திரமே. ஓடுகின்ற, ஆடுகின்ற, துருப்பிடிக்கின்ற எந்த வாகனத்திலும் அது என்றோ ஒருநாள் நடக்கும். தொட்ட பின்னரும் மின்சாரம் நிற்காமல் ஓடியதால்தான் தீ பிடிக்கின்றது. "பிரதான பியூஸ் இருந்ததா, எங்கே இருந்தது, யார் பொருத்தினார்?" என்று கேட்டிருக்கவேண்டிய செய்தியாளன் நான். இத்தனை வருடங்களில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இன்று எழுதுகின்ற இளம் நிருபர்களாவது அந்த மூன்று கேள்விகளையும் கேட்கட்டும். வயர் இழுத்துக் கொடுக்கும் கடைக்காரரும் தம் பற்றுச்சீட்டில் வயரின் அளவையும் பியூஸின் அளவையும் எழுதிக் கையொப்பமிடட்டும். செலவில்லாத காரியம், யார் பொருத்தினார் என்பது அதோடு தெரிந்துவிடும்.

சென்ற வாரம் அதே இளைஞனின் வண்டியில் மீண்டும் ஏற நேர்ந்தது. புதிய வயர், தகட்டைக் கடக்குமிடத்தில் இறப்பர் வளையம், எல்லாம் ஒழுங்கு. மகிழ்ச்சியோடு பியூஸையும் காட்டினான். அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் பூட்டியிருந்தான். அதைப் பெற்றரிப் பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாற்றுவதாகச் சொல்லியிருக்கின்றான்.