மழை பார்த்துப் பழுக்கும் பழங்கள்

பிரிட்டனின் கோடை என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதங்கள். காலையில் பளிச்சென்ற வெயில், பதினொரு மணிக்கு மேகமூட்டம், மதியம் ஒரு பாட்டம் மழை, மாலை ஏழு மணிக்கு மறுபடி வெயில் என்று போவது அங்கே சாதாரண நாள். ஜூன் கடைசியில் லண்டனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீள்வதால், இத்தனை மாற்றங்களுக்கும் ஒரே பகலில் இடம் இருக்கிறது.

அந்தத் தீவு அமைந்திருக்கும் இடம்தான் இதற்குக் காரணம். தென்மேற்கிலிருந்து அட்லாண்டிக்கின் ஈரக்காற்று வருகிறது. வடக்கிலிருந்து ஆர்க்டிக்கின் குளிர் இறங்குகிறது. கிழக்கிலும் தெற்கிலும் ஐரோப்பிய நிலப்பரப்பின் வறண்ட வெப்பம் காத்திருக்கிறது. எது எப்போது உள்ளே வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்று. அது ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒதுங்கினால், அசோர்ஸ் தீவுகளை ஒட்டிய உயர் அழுத்தம் பிரிட்டன் வரை பரவி, வாரக்கணக்கில் வெயில் காயும். தெற்கே இறங்கிவிட்டாலோ காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலிலிருந்து வந்துகொண்டே இருக்கும். சில நூறு கிலோமீட்டர் இப்படியோ அப்படியோ நகர்ந்தால் கோடையே வேறாகிவிடுகிறது.

1975-ஆம் ஆண்டு இதற்கு நல்ல சான்று. ஜூன் 2 அன்று பக்ஸ்டன் நகரில் டெர்பிஷயரும் லங்காஷயரும் ஆடிய கிரிக்கெட் ஆட்டம் பனிப்பொழிவால் நின்றது. ஐந்தே நாள் கழித்து, ஜூன் 7 அன்று, முதல் உலகக் கோப்பை நல்ல வெயிலில் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன் தலைமையில் இந்திய அணி லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது அன்றுதான். அடுத்த ஆண்டுக் கோடை அதையும் மிஞ்சியது. 1976 ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை பதினைந்து நாளும் இங்கிலாந்தில் எங்காவது ஓரிடத்தில் 32 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வறட்சியைச் சமாளிக்க டெனிஸ் ஹவல் என்பவருக்குத் தனிப் பொறுப்பே தரப்பட்டது. அவர் பொறுப்பேற்ற சில நாளில் மழை கொட்டத் தொடங்கியது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவாகி, நாட்டின் புதிய உச்சமாயிற்று.

இப்படிப்பட்ட வானத்தின் கீழ் வாழ்பவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தால்தான் வியப்பு. ஆங்கிலேயரின் இந்தப் பழக்கத்தைப் பற்றிச் சாமுவேல் ஜான்சன் 1758-லேயே ஒரு பத்தி எழுதினார். பேருந்து நிறுத்தத்திலும் கடை வாசலிலும் வேலிக்கு இருபுறமும் அந்தப் பேச்சு இன்றும் ஒரே முறையில்தான் நடக்கிறது. “நல்ல நாள், இல்லையா?” என்று ஒருவர் தொடங்கினால், “ஆமாம், அருமையான நாள்” என்று மற்றவர் ஒத்துப்போக வேண்டும். மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு. மழை பெய்தால் “தோட்டத்துக்கு நல்லது” என்ற ஆறுதல் கட்டாயம் வரும். ஜூலை 15 புனித ஸ்விதினின் நாள். அன்று மழை பெய்தால் நாற்பது நாளும் பெய்யும் என்பது பழைய நம்பிக்கை. நாற்பது நாள் கணக்கு பலிப்பதில்லை. ஆனாலும் ஜூலை நடுவில் ஜெட் காற்று எங்கே நிலைகொள்கிறதோ அங்கேயே சில வாரம் தங்கிவிடுவதுண்டு என்பதால், அந்த நம்பிக்கைக்குள் கொஞ்சம் அனுபவ அறிவும் இருக்கிறது.

இந்தப் பேச்சை வெறும் உபசாரம் என்று ஒதுக்குவது தவறு. தோட்டத்துக்கு நல்லது என்பதில் தோட்டம் உண்மையான தோட்டம். ஊராட்சிகளும் நகராட்சிகளும் குறைந்த வாடகைக்குக் காய்கனி பயிரிடத் துண்டு நிலம் கொடுக்கும் ‘அலாட்மென்ட்’ முறையை 1908-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. ஒரு முழுத் துண்டு சுமார் 250 சதுர மீட்டர். அங்கே மண்வெட்டியோடு நிற்கும் இருவர் வானத்தைப் பார்த்துப் பேசினால், அது பழத்தைப் பற்றிய பேச்சுதான்.

பருவத்தின் முதல் பெயர் ஸ்ட்ராபெரி. இன்று உண்ணப்படும் பெரிய ஸ்ட்ராபெரி, வட அமெரிக்க இனமும் சிலி நாட்டு இனமும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் கலந்து பிறந்தது. லண்டனை அடுத்த ஐல்வொர்த்தில் மைக்கேல் கீன்ஸ் என்ற தோட்டக்காரர் அதை வளர்த்தெடுத்து, 1820-களில் தரமான ரகமாக்கினார். இந்தப் பழத்தின் இனிப்புக்கும் பிரிட்டனின் வானிலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நீண்ட பகலில் இலைகள் சர்க்கரையைச் சேர்க்கின்றன. இரவு குளிர்ந்திருந்தால் செடி அந்தச் சர்க்கரையைக் குறைவாகவே செலவழிக்கிறது. பழமும் மெல்லப் பழுக்கிறது. கொதிக்கும் வெயிலில் அவசரமாகச் சிவந்த பழத்தில் அந்தச் சுவை வராது. பறிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாறு நீர்த்துப்போகும். சாம்பல் பூஞ்சணமும் பற்றும். ஆகவே மிதமான வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்த, அங்குள்ளோர் அலுத்துக்கொள்ளும் அந்தக் கோடையேதான் இந்தப் பழத்துக்கு ஏற்ற கோடை.

விம்பிள்டன் டென்னிஸ் போட்டியில் பாலேட்டோடு ஸ்ட்ராபெரி உண்பது வழக்கம். கென்ட் மாவட்டத் தோட்டங்களில் விடியற்காலையில் பறித்த பழம் அன்றே மைதானத்துக்கு வந்துவிடுகிறது. மழைக்கு அஞ்சி 2009-இல் சென்டர் கோர்ட்டுக்குத் திறந்து மூடும் கூரை போட்டார்கள். பழத்துக்கான கூரை அதற்கு முன்பே வந்திருந்தது. 1990-களிலிருந்து பரவிய பாலித்தீன் குடில்கள், ஆறு வாரமே நீடித்த ஸ்ட்ராபெரிப் பருவத்தை வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை நீட்டிவிட்டன. பறிப்பவர்களில் பலர் கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் போன்ற மத்திய ஆசிய நாடுகளிலிருந்து பருவகால விசாவில் வருபவர்கள். கூரை பழத்தைக் காக்கிறது, விவசாயியையும் காக்கிறது. ஆனால் ஜூனுக்காகக் காத்திருந்த ஆவலை அது எடுத்துக்கொண்டது. அந்த ஆவல் சிறிய இழப்பல்ல.

மழையின் கொடுமையை முழுதும் அறிந்த பழம் செர்ரி. பழுத்துப் பறிக்க வேண்டிய வாரத்தில் மழை பெய்தால், தோல் வழியே நீர் உள்ளே ஏறிச் சதை பருத்துத் தோல் வெடித்துவிடும். பத்து மாத உழைப்பு ஒரு பிற்பகலில் போய்விடலாம். எட்டாம் ஹென்றியின் காலத்திலிருந்து பழத்தோட்டங்களுக்குப் பேர்போன கென்ட்டில், ஏணி வைத்து ஏறும் நெடுமரங்கள் குறைந்து, குட்டையான வேர்க்கட்டையில் ஒட்டுக் கட்டிய மரங்கள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். குட்டை மரத்தைக் கூரைக்குள் அடக்கலாம்.

ராஸ்பெரி வடக்கின் பழம். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரிலும் ஆங்கஸிலும் கோடை இன்னும் குளிர்ந்தது, பகல் இன்னும் நீண்டது. மென்மையான இப்பழத்துக்கு அதுவே உகந்தது. டண்டீ நகரையடுத்த இன்வர்கவ்ரி ஆய்வு நிலையத்தில் உருவான ரகங்களுக்கு ஸ்காட்லாந்தின் பள்ளத்தாக்குகளைக் குறிக்கும் ‘கிளென்’ என்ற முன்னொட்டு உண்டு. அங்கேயே உருவான கருந்திராட்சை போன்ற பிளாக்கரண்ட் ரகங்களுக்கு மலையைக் குறிக்கும் ‘பென்’. பிந்திப் பூத்து வசந்தகால உறைபனிக்குத் தப்புவதற்காகவே ‘பென்’ ரகங்கள் பல தேர்ந்தெடுக்கப்பட்டன. நாட்டில் விளையும் பிளாக்கரண்டில் மிகப் பெரும்பகுதி ரிபீனா பானத்துக்கே போகிறது. இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு வரத்து அற்றபோது வைட்டமின் சி-க்காகக் குழந்தைகளுக்கு அரசு வழங்கியதும் பிளாக்கரண்ட் சாறுதான். இந்தச் செடிக்குக் குளிர்காலத்தில் போதிய குளிர் வேண்டும். இல்லாவிட்டால் மொட்டுகள் சீராக விரியாது. குளிர்காலம் மிதமாகிவருவதால், குறைந்த குளிரிலும் காய்க்கும் ரகங்களைத் தேடுகிறார்கள்.

புளிப்பான கூஸ்பெரிக்குக் கடையில் மதிப்பு குறைந்தாலும், யார்க்‌ஷயரின் எக்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1800-இல் தொடங்கிய கூஸ்பெரிக் கண்காட்சி இன்றும் ஆகஸ்டில் நடக்கிறது. எடையே அங்கே போட்டி. ஆகஸ்ட் பிற்பகுதியில் விக்டோரியா பிளம் வரும். நன்றாகக் காய்த்த ஆண்டில் பாரம் தாங்காமல் கிளையே முறியும்.

கடைசியாக வேலியோரப் பிளாக்பெரி. விதைத்தவர் இல்லை, கூரை இல்லை. அந்த ஆண்டின் வெயிலும் மழையும் அப்படியே அதில் தெரியும். காட்டுச் செடியின் பழத்தைப் பறிப்பது, விற்பதற்காக இல்லாதவரை, 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருட்டாகாது. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரில் குடும்பங்கள் கிண்ணத்தோடு கிளம்புகின்றன; பறித்தது ஆப்பிளோடு சேர்ந்து அடுப்பில் வேகும். செப்டம்பர் 29, புனித மைக்கேல் நாளுக்குப் பின் பறிக்கக் கூடாது, சாத்தான் துப்பிவிடும் என்பார்கள். அப்போது பழங்கள் ஈரத்தில் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருப்பதும் உண்மை. 1884-இல் தொடங்கும் பதிவுகளிலேயே மிக வெப்பமான கோடையான 2025-இல், பல இடங்களில் ஜூலையிலேயே பிளாக்பெரி கறுத்துவிட்டது.