நாற்பது டாலர் மருந்துக்கு இருபத்தெட்டாயிரம்!

எய்ட்ஸ் நோயைக் கொண்டுவரும் எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்க ஒரு புதிய ஊசி மருந்து வந்திருக்கிறது. வரவேற்கிறோம். அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டும். யார் உழைப்பு, யார் லாபம் என்பது அப்போதுதான் விளங்கும்.

இந்தக் கிருமி தன் மரபுச் சரக்கைக் கூம்பு வடிவக் கூடு ஒன்றில் பொதிந்து வைத்திருக்கிறது. ஒரே மாதிரியான சுமார் 1,500 புரதத் துண்டுகள் ஓடு வேய்ந்ததுபோல் சேர்ந்தது அந்தக் கூடு. மனிதனின் உயிரணுவுக்குள் புகுந்தபின், உரிய நேரத்தில் அது திறக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் கிருமியின் காரியம் கெட்டது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழக விஞ்ஞானி சண்ட்குவிஸ்ட் முதலானோர் சர்க்கார் பணத்தில் பல்லாண்டுகள் பாடுபட்டு இந்தக் கூட்டின் அமைப்பை விளக்கினார்கள். அதன் பிறகு கிலியட் கம்பெனியின் ரசாயன நிபுணர்கள், ஆயிரக்கணக்கான பொருள்களைச் செய்து பார்த்து, இரண்டு துண்டுகளின் இடுக்கில் ஆப்பு இறக்கியதுபோல் உட்காரும் சிறு மூலக்கூறு ஒன்றை உருவாக்கினார்கள். பெயர் லெனகாபவிர். ஆப்பு இறங்கினால் கூடு திறக்க வேண்டியபடி திறக்காது. புதுக்கூடு கட்டினாலும் கோணல்மாணலாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் போதும். அந்த நிபுணர்களை நாம் குறை சொல்லவில்லை; அவர்களும் சம்பளத்துக்கு உழைப்பவர்களே.

சோதனைக்கு உடலைக் கொடுத்தவர்கள் தென்னாப்பிரிக்கா, உகாண்டா நாட்டு இளம்பெண்கள். 2024-ல் வெளியான முடிவின்படி, இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. தினமும் விழுங்கும் பழைய மாத்திரை கொடுக்கப்பட்ட 1,068 பேரில் 16 பேருக்குத் தொற்றியது.

விலை என்ன? 2025 ஜூனில், நோயில்லாதவர்களைக் காக்க இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும், கம்பெனி வைத்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர்! அதே ஆண்டு செப்டம்பரில், டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ என்னும் ஹைதராபாத் கம்பெனிகள் 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக அறிவித்தன. வெளி ஸ்தாபனங்களின் ஆதரவு அதற்கு உண்டு. இருந்தாலும் எழுநூறு மடங்கு வித்தியாசத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

2024 அக்டோபரில் 120 நாடுகளுக்கு மலிவு மருந்து செய்ய கிலியட் அனுமதித்தது உண்மை. ஆனால் பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டாவது பெரிய சோதனை நடந்த நாடுகளில் இந்த நான்கும் உண்டு! சோதனைக்கு மட்டும் இவர்கள் வேண்டுமாம்.

பேடண்ட் இருந்தாலும், மக்களின் உயிரைக் காக்க மலிவு மருந்துக்கு உத்தரவிட சர்வதேச வர்த்தக விதிகளே இடம் தருகின்றன. 2007-ல் எபாவிரென்ஸ் என்ற எய்ட்ஸ் மருந்து விஷயத்தில் பிரேசில் சர்க்கார் அப்படித்தான் உத்தரவிட்டு, இந்தியாவிலிருந்து மருந்தைத் தருவித்தது. லெனகாபவிருக்கும் இந்த நான்கு சர்க்கார்களும் அதையே செய்யட்டும்.