கொம்பு குறைந்த காளை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற பிள்ளைகள் கதைக்குள் ஒரு மரப்பெட்டி வந்தால் உடனே திறக்க மாட்டார்கள். தடியால் குத்துவார்கள், கல்லெறிவார்கள், தீ வைக்கலாமா என்று கேட்பார்கள். எல்லாம் மிமிக் மேலுள்ள பயம். பெட்டியாகவோ கதவாகவோ உருமாறிக் கிடந்து, தொட்ட கையைப் பசையால் பிடித்துக்கொண்டு கடிக்கிற கற்பனைப் பிராணி அது.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த ஆட்டத்தை நடத்துகிறவன் நான். கதை சொல்வது என் வேலை. என்ன செய்வது என்று முடிவெடுப்பது பிள்ளைகள் வேலை. பலித்ததா இல்லையா என்று 20 முகப் பகடை சொல்லும். எந்தத் தடயமும் காட்டாமல் மிமிக்கை வைத்துப் பிள்ளைகளைக் கடிக்க விடுவது, என்னைக் கேட்டால், கதை சொல்கிறவனின் சோம்பேறித்தனம்.

ராத்திரியில் உருமாறி வந்து ஆளை மறிக்கிற மந்திரவாதியான ஒடியனின் கதை கேட்டு வளர்ந்த பாலக்காட்டுக்காரர்களுக்கு இப்படித் தடயம் தேடுவது புதிதல்ல. நடுராத்திரி வழியை மறித்து ஒரு காளை நிற்கும். ஆனால் அதற்கு ஒரு கொம்பு இருக்காது, இல்லையென்றால் ஒரு கால் குறையும். ஒடியன் எந்த வேஷம் போட்டாலும் எங்கோ ஒரு குறை இருந்தே தீரும். “மாட்டைப் பாத்தா மொதல்ல கொம்ப எண்ணு” என்பாள் என் பாட்டி. எண்ணத் தெரிந்தவன் பிழைப்பான். 2018இல் வந்த ‘ஒடியன்’ படத்தின்போது ஊரே மோகன்லால் உடம்பு இளைத்ததைத்தான் பேசியது. கொம்பை யாரும் எண்ணவில்லை.

யட்சியும் அப்படித்தான். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிகமாலை’யில், மாளிகை என்று நம்பி இரவு தங்கப் போன இடம் விடிந்து பார்த்தால் பனைமரம். வீடே மிமிக்காக இருக்கலாம் என்பதை நம் பக்கத்தில் எப்போதோ யோசித்துவிட்டார்கள். எங்கள் சித்தூர் தாலுகாவில் பனைக்கா பஞ்சம்?

இயற்கையும் இந்த ஆட்டம் ஆடுகிறது. மாந்தோப்பில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும். அந்த எறும்பைப் போலவே நிறமும் உருவமும் கொண்ட ஒரு நண்டுச் சிலந்தி பக்கத்தில் நின்று, முன்னங்கால்களை உணர்கொம்புபோல் ஆட்டும். நம் ஆள்தான் என்று கிட்டே வரும் எறும்பு அதற்கு இரை. ஆனால் எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. இங்கேயும் எண்ணத்தான் வேண்டியிருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஆட்டத்தில் நான் வைத்த மிமிக், ஏலக்காய் உலர்த்துகிற ஒரு ஸ்டோர். பூப்பாறைக்கு மேலே மலைப்பாதை, இருட்டு, மழை. ஜன்னலில் வெளிச்சம், உள்ளே அடுப்புச் சூடு, கதவு திறந்தே கிடக்கிறது. பிள்ளைகள் ஓடி ஒதுங்கப் பார்த்தார்கள். அவர்களில் ஏலமலைப் பக்கத்து உடும்பன்சோலையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் தயங்கினாள். “அண்ணே, ஏலக்கா வாசம் அடிக்குதா?”

“இல்லை” என்றேன்.

“அப்ப இது ஸ்டோர் இல்ல.”

பகடையைத் தொடவே இல்லை. அவள் பிறந்து வளர்ந்த மலை அவளைக் காப்பாற்றியது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் ஆட்டம் நடத்துகிறேன்.

அடுத்து என்ன? வெட்டிப் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். பெரும்பாலும் அதுதான் நடக்கும். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1977இல் எழுதிய ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்ற பிராணிக் கையேட்டில், மிமிக்கில் ஒரு வகைக்குப் பேச்சும் வரும். தீனி போட்டால் சிநேகமாகி, அக்கம்பக்கத்தில் பார்த்ததைச் சொல்லும். இன்று ஆடுகிறவர்கள் பலர் அந்த நல்ல யோசனையைத் தொடுவதே இல்லை. என் பிள்ளைகள் கருவாட்டை வீசிப் பேச்சுக் கொடுத்தார்கள். ராத்திரியில் மலை தாண்டுகிற கூலியாட்களைப் பிடிக்க எஸ்டேட் முதலாளிதான் தன்னை அங்கே வைத்தான் என்றது அது.

இதையும் ஒடியனிடமிருந்துதான் எடுத்தேன். பகை தீர்க்க ஒடியனை ஏவியவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள் என்று அந்தக் கதைகளே சொல்கின்றன. ஆனால் பழி ஒடுக்கப்பட்ட சமூகங்களின் தலையில் விழுந்தது. பாலக்காட்டுக்காரரான எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சிச் சமூகங்களைப் பற்றி 1909இல் வெளியிட்ட நூலிலும் ஒடிவித்தை சாதிப் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. ஆகவே உருமாறியை வெறும் அரக்கனாக வைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஏவியவன் யார் என்று பிள்ளைகள் கேட்கும்படி வைக்கிறேன்.

கேட்டார்கள். இப்போது மிமிக்கும் அவர்கள் கூட்டத்தில் ஓர் ஆள். பித்தளைப் பூட்டுப் போட்ட தேக்குப் பெட்டியாக உருமாறச் சொல்லி, தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு முதலாளி பங்களாவுக்குப் போகிறார்கள், அன்பளிப்பு என்று சொல்லி. அந்தப் பெட்டியில் என்ன குறையாக இருக்கும் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முதலாளிக்கும் கொம்பை எண்ண ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தானே வேண்டும்.