துண்டுத் துணியில் நத்தார் உருண்டைகள்

டிசம்பர் மாதம் பிறந்ததும் கடைவீதியெங்கும் மினுங்கும் பிளாத்திக்கு உருண்டைகளும் ஈயத்தாள் மாலைகளும் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பும் தாய்மாரும் உளர். வாங்கிச் சென்று, தைப்பொங்கல் வருமுன்னரே வண்ணம் உரிந்துபோன அவ்வுருண்டைகளைக் குப்பையிற் போடுவோரும் உளர். இவ்விரு சாராரும் இவ்வாரம் எமது பகுதியைச் சற்றே ஊன்றிப் படிக்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

நாம் எடுத்துக்கொண்டது துணியினாற் செய்யும் உருண்டை. தையற்பெட்டியிலும் அலுமாரியின் அடித்தட்டிலும் கிடக்கும் துண்டுத் துணிகளே இதற்கு மூலதனம். சதுரமாக வெட்டிய துணிகளை முக்கோணமாக மடித்து, உருண்டையொன்றின்மேல் வரிசை வரிசையாகக் குண்டூசியாற் குத்திக்கொண்டு போனால் நடுவில் ஒரு நட்சத்திரம் விரியும். அதனைச் சூழ்ந்து இன்னொன்று விரியும். ஊசியும் நூலும் வேண்டியதில்லை. தையல் பழகாத பத்து வயதுப் பிள்ளையும் தாயின் பக்கத்தில் இருந்து செய்யலாம். சவுக்குக் கொப்பை நத்தார் மரமாக நாட்டும் வீடுகளுக்கு இது மிகவும் ஏற்றது. சவுக்கின் மெல்லிய கிளை கனத்த பொருளைத் தாங்காது, இவ்வுருண்டையோ பாரமற்றது.

மேல்நாட்டுப் பெண்கள் இதனைக் 'குவில்ற்' உருண்டை என்று அழைக்கின்றனர். உண்மையில் அப்பெயர் இதற்கு இரவற் பெயரே. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவிற் பஞ்சு என மூன்றையும் அடுக்கி, ஊடுருவும்படி நூலோட்டித் தைப்பதே குவில்ற். அதற்கு நாம் மேல்நாடுவரை போகவேண்டியதும் இல்லை. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சேலைகளின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, அந்நூலாலேயே பூவும் மீனும் தாமரையும் தைத்துக் 'காந்தா' என்னும் போர்வையை ஆக்கினர். கிழிந்த சேலை குழந்தைக்குப் போர்வையாயிற்று. எமது ஆலயங்களில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளைப் பார்த்தவர்களுக்குத் துண்டுத் துணியால் அலங்காரம் செய்வது புதுமையாகவும் தோன்றாது. வண்ணத் துணியை வெட்டி, வேறொரு துணியின்மேல் வைத்துத் தைத்த வேலைதானே அது!

இனிச் செய்முறைக்கு வருவோம். குறுக்களவு 3 அங்குலமுள்ள உருண்டையொன்று தேவை. கைவேலைப் பொருள் விற்கும் கடைகளில் ரெஜிபோம் உருண்டை கிடைக்கும். ஆயினும் எமது விருப்பம் அதுவன்று. கந்தைத் துணியை இறுக உருட்டி, அதன்மேல் பழைய நூலை எல்லாப் பக்கமும் படும்படி சுற்றிச் சுற்றி இறுக்கினால் நல்ல உருண்டை வந்துவிடும். யப்பானியத் தாய்மார் பிள்ளைகளுக்குக் கொடுத்த 'தெமாரி'ப் பந்தும் பழைய கிமோனோத் துணியை உள்ளே வைத்து நூல் சுற்றிச் செய்யப்பட்டதே. கந்தை உருண்டையிற் குண்டூசி நன்றாகப் பிடித்து நிற்கும். என்றோ ஒருநாள் எறிந்தாலும் மண்ணோடு மண்ணாகும். ரெஜிபோம் அப்படி அழியாது.

துணியை இரண்டரை அங்குலச் சதுரங்களாக வெட்டவேண்டும். முதல் நிறத்தில் 26, இரண்டாம் நிறத்தில் 16. சதுரம் பிசகினால் நட்சத்திரமும் கோணும். ஆகையால் கண் மதிப்பில் வெட்டாது, மட்டையில் ஓர் அளவுச் சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு அதன்படி வெட்டுங்கள். குண்டூசிகள் நூற்றிருபதுக்கு மேல் வேண்டும். துருப்பிடிக்காத ஊசியாகப் பார்த்து வாங்குவது முக்கியம். கடற்கரைக் காற்றுப்படும் ஊர்களில் மலிவான ஊசி ஒரே மாரிகாலத்திலே துருவேறி, துணியிலே செம்மண் நிறத்திற் கறையிட்டுவிடும். அக்கறை எச்சவர்க்காரத்துக்கும் போகாது.

உருண்டையின் ஒரு முனையை வடதுருவமாகவும் எதிர்முனையைத் தென்துருவமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பூமிசாத்திரம் படிக்கும் மாணவிகளுக்கு இது விளங்கும். ஒரு துருவத்திலிருந்து மறு துருவத்துக்கு, தோடம்பழச் சுளைகள் போல எட்டுப் பகுதியாகப் பென்சிலாற் கோடிடுங்கள். துருவத்தின்மேல் ஒரு சதுரத்தை மடிக்காமலே விரித்து, நான்கு மூலைகளிலும் ஊசி குத்துங்கள். உருண்டை வெளியே தெரியாதிருக்கவே இது.

அடுத்தது மடிப்பு. சதுரத்தின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டாக மடித்தால் நீள்சதுரம் கிடைக்கும். மடித்த விளிம்பு மேலே இருக்கட்டும். அவ்விளிம்பின் இரு மூலைகளையும் கீழ் விளிம்பின் நடுவுக்குக் கொண்டுவந்து மடித்தால் முக்கோணமாகும். முன்பக்கத்தில் நடுவே ஒரு பிளவு தெரியும். வெட்டிய ஓரங்கள் யாவும் அடியில் ஒதுங்கிவிடும். இத்தகைய நான்கு முக்கோணங்களைப் பிளவு மேலே தெரியும்படி வைத்து, கூர்முனைகள் நான்கும் துருவத்திற் சந்திக்குமாறு குத்துங்கள். ஒவ்வொன்றின் கூர்முனையும் செங்கோணமாதலால் நான்கும் சேர்ந்து ஒரு முழுச் சுற்றாகின்றன. கேத்திரகணிதம் கசக்கும் பிள்ளையிடம் இதனைக் காட்டிப் பாருங்கள். உருண்டை வளைந்து செல்வதால் அடி மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அது பிழையன்று, அப்படித்தான் ஏறவேண்டும்.

துருவத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி இரண்டாம் நிறத்து வரிசை தொடங்கும். இதற்கு எட்டு முக்கோணம். முதல் நான்கின் கூர்முனைகள் முன்வரிசைப் பிளவுகளின்மேல் நேராக நிற்கவேண்டும். மற்றைய நான்கும் இடைவெளிகளில் வரவேண்டும். பிளவின் ஓரத்தைச் சற்றே தூக்கி உட்புறமாகக் குத்தினால் ஊசியின் தலை மறைந்துவிடும். பின்னர் மேலும் அரை அங்குலம் தள்ளி, மீண்டும் முதல் நிறத்தில் எட்டு. மறுபாதியிலும் இவ்வாறே செய்க. இரு பாதிகளும் சந்திக்கும் நடுக்கோட்டில் வெட்டோரங்கள் தெரியும். ஓர் அங்குல அகலமான றிபனோ, பழைய சட்டையிலிருந்து கழற்றிய ரேந்தையோ அதனைச் சுற்றிவந்து மறைத்துவிடும். துருவத்தில் நான்கு ஊசித்தலைகளும் கூடுமிடத்தில் ஒரு சிறு முத்தைக் கோத்துக் குத்தலாம். தொங்கவிட ஒரு நூல் வளையம், வேலை முடிந்தது. பழகிய கைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். முதன்முறை செய்வோர் இரண்டு நாள் எடுத்தாலும் அவசரப்பட வேண்டாம்.

எந்தத் துணி நல்லது என்று கேட்பீர்கள். மடித்தால் மடிந்து நிற்கும் பருத்தித் துணியே முதல் தரம். சீத்தை, பொப்ளின், கைத்தறி யாவும் நன்று. நைலோன் வழுக்கும், மடிப்பு நில்லாது. மருதமுனைக் கைத்தறிச் சாரம் பழசாகிப் போயிருந்தால் அதனை விட்டுவிடாதீர்கள். கோடுபோட்ட சாரத்தை மடிக்கும்போது கோடுகள் பிளவின் இருபுறமும் சாய்ந்து வந்து சந்திக்கும் அழகே தனி. பட்டுச் சேலையைப் பொறுத்தமட்டில் எமது கருத்து வேறு. பழம்பட்டு மடிப்பில் விண்டுபோகும், சரிகை ஒடியும், ஊசி குத்திய இடம் கிழியும். சட்டைக் கழுத்துப் பட்டிக்குத் தையற்காரர் வைக்கும் ஒட்டுத்துணியை உட்புறம் அழுத்தி ஒட்டிக்கொண்டாற் சமாளிக்கலாம். எனினும் உடுக்கக்கூடிய நிலையிலுள்ள கூறைச்சேலையில் கத்தரிக்கோல் வைக்கும்படி நாம் யாருக்கும் சொல்லமாட்டோம்.

இவ்விடத்தில் எமக்கு வந்த கடிதமொன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுதியவர் வலிகாமத்துத் தாய் ஒருவர். பெயரை வெளியிடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 1995 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக வீடு வாசலை விட்டு வெளியேறியபோது, அவருடைய அம்மா உடுத்திருந்த சேலையும் பையிற் கிடந்த ஒரு வொயில் சேலையும் மட்டுமே மிஞ்சினவாம். பெட்டகத்தில் இருந்தவை திரும்பிவந்தபோது இல்லை. உடுத்திருந்தது உடுத்து உடுத்தே கந்தையாயிற்று. வொயில் சேலை மட்டும் இன்றும் இருக்கிறது. சென்ற ஆண்டு அம்மா காலமானார். பெண்மக்கள் மூவர், மூத்தவர் ஊரில், அடுத்தவர் இலண்டனில், இளையவர் ரொறன்ரோவில். சேலை யாருக்கு? மூன்றாகக் கிழித்தெடுப்போம் என்கிறார் இளையவர். கிழித்தால் அது அம்மாவின் சேலை ஆகுமா என்று அழுகிறார் மூத்தவர். எமது பகுதியில் முன்னர் துண்டுத் துணி வேலைகள் வந்ததை நினைத்து, வழி ஏதும் உண்டா எனக் கேட்டிருக்கிறார்.

வழி உண்டு, அம்மா. கணக்கைப் பாருங்கள். சேலையின் அகலம் 45 அங்குலம். அகலவாட்டில் இரண்டரை அங்குல நாடா ஒன்று வெட்டினால் 18 சதுரங்கள் கிடைக்கும். முதல் நிறத்துக்கு வேண்டியவை 26; ஆகவே இரண்டு நாடாக்கள், அதாவது 5 அங்குலம், ஓர் உருண்டைக்குப் போதும்; பத்துச் சதுரம் மிச்சமும் வரும். மூன்று உருண்டைகளுக்கு 15 அங்குலம். ஆறு யார்ச் சேலை 216 அங்குலம். இடுப்பிற் செருகும் தலைப்பிலிருந்து அந்தப் பதினைந்தை வெட்டியெடுத்து ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டால், ஐந்தரை யாருக்கு மேல் மிஞ்சும். முந்தானைக்கு ஒரு குறையும் இல்லை. கொய்யகத்தில் ஒரு மடிப்புக் குறையலாம். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. சேலை சேலையாகவே ஊரில் இருக்கும், மூத்தவர் உடுக்கலாம்.

உருண்டையைச் செய்து முடித்து அனுப்பவேண்டாம் என்பதே எமது யோசனை. 5 அங்குல நாடாவை மடித்துக் கடித உறையில் வைத்து அனுப்புங்கள். இரண்டாம் நிறத்துக்குரிய 16 சதுரங்களை அவரவர் வீட்டில் எடுக்கட்டும். இலண்டனில் பேரப்பிள்ளை வளர்ந்து விட்டெறிந்த பாடசாலைச் சட்டை இருக்கும். ரொறன்ரோவில் மருமகனின் பழைய கமிசு இருக்கும். சிறு சிறு துண்டாக இருந்தாலும் இரண்டரை அங்குலம் தேறினாற் சரி. பாட்டியின் சேலையும் பேத்தியின் சட்டையும் ஒரே உருண்டையில் அடுத்தடுத்த வரிசையில் அமையும். பாட்டியை ஒருபோதும் காணாத பிள்ளை, இது என்ன துணி என்று கேட்கும்; கேட்டால் தாய் சொல்லித்தானே ஆகவேண்டும்?

ஆனால் இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும். மூன்று சகோதரிகளும் வாய்விட்டுச் சம்மதம் சொன்ன பின்னரே கத்தரிக்கோலை எடுக்கவேண்டும். வெட்டிய துணி மீண்டும் ஒட்டாது. அதனால் வந்த மனத்தாங்கலும் எளிதில் ஆறாது. மற்றையது, ஆண்டுத் துக்கம் கழியுமுன் இறந்தவரின் துணியைக் கொண்டாட்டத்துக்குத் தொங்கவிடுவது பெரியவர்களின் மனத்தை நோகச் செய்யும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாடாக்களை இப்பொழுதே வெட்டி வைத்து, உருண்டைகளை அடுத்த ஆண்டு தொங்கவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. நத்தார் கொண்டாடாத இல்லத்தார் கேட்டால், இவ்வுருண்டைக்குச் சமயம் ஏதும் இல்லை என்போம். நவராத்திரிக் கொலுவின் பக்கத்திலும் தொங்கவிடலாம்.

வெட்டுமுன் சேலையைத் துவைக்கலாமா என்றும் அத்தாய் கேட்டிருக்கிறார். அம்மாவின் மணம் போய்விடுமே என்ற கவலை. வெட்டும் நாடாவை மட்டுமாவது மெல்லிய சவர்க்காரத்தில் அலசி நிழலிற் காயவிடுமாறே சொல்வோம். வியர்வை படிந்த துணி காலப்போக்கில் அவ்விடத்திலேயே மஞ்சளாகி இற்றுப்போகும். மிச்சச் சேலையை உங்கள் விருப்பப்படி விட்டுவிடுங்கள். நாடாவுக்குக் கஞ்சி போடாதீர்கள்; கஞ்சித் துணியை வெள்ளிப்பூச்சி தேடிவந்து அரிக்கும். சற்று ஈரமாக இருக்கும்போதே மின்னழுத்தியால் அழுத்தினால் மடிப்பு விறைப்பாக நிற்கும்.

பாலன் குடிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் வீடுகளில் இவ்வுருண்டையைச் சுடருக்கு எட்டாத தூரத்தில் தொங்கவிடவேண்டும். துணியும் விரைவாகப் பற்றும், ரெஜிபோமும் உருகி எரியும். ஜனவரி 6 ஆந் திகதி மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்து அலங்காரங்களைக் கழற்றும்போது, உருண்டைகளைக் கடதாசிப் பெட்டியில் ஒன்றையொன்று நெருக்காமல் அடுக்கி, உலர்ந்த வேப்பிலை சிறிது போட்டு மூடுங்கள். உள்ளே ரெஜிபோம் வைத்துச் செய்திருந்தால் நப்தலீன் உருண்டையை மட்டும் அப்பெட்டியில் போடவேண்டாம். அதன் ஆவி ரெஜிபோமை மெல்ல இளக்கிவிடும். மறு டிசம்பரிற் பெட்டியைத் திறக்கும்போது ஊசிகள் தளர்ந்து முக்கோணங்கள் கழன்று கிடக்கும். கந்தை உருண்டைக்கு அந்தப் பயம் இல்லை.