வாட்ஸைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்காதீர்!

கடையில் பாட்டுக் கேட்க நானே பலகை அறுத்துப் பெட்டி செய்தேன். அதற்கு 4 அங்குல ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் வாங்கப் போய், அட்டையில் அச்சிட்ட வாட்ஸை நம்பி ஏமாந்தேன். வாட்ஸ் என்பது சாக்கு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. உள்ளிருக்கும் சரக்கின் எடையல்ல.

1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 87க்குப் பதில் 90 என்றால், பாதி மின்சக்தியிலேயே அதே சத்தம் வரும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2.83 வோல்ட்டில் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போவது 1 வாட். 4 ஓமுக்கோ 2 வாட். இரண்டும் ஒரே படியில் அளந்தவை ஆகா.

தராசு பிடிக்கும் நாம், வாங்கும்போதும் எந்தப் படிக்கல் என்று கேட்க வேண்டாமா?