இரண்டு பக்கம் போதுமாம்

சென்னையில் ஒரு கலைக்கூடம் அண்மையில் ஓர் அறிக்கை விட்டிருக்கிறது. பெயர் வேண்டாம், சொன்னால் சண்டை பெயரோடு நின்றுவிடும். உள்ளூர்ப் பதிப்போவியர்களும் புத்தகக் கலைஞர்களும் 'கதை சொல்லும்' படைப்புகளை அனுப்பலாம், தேர்வானவை மூன்று வாரம் காட்சிக்கு வைக்கப்படும் என்கிறது அது. லினோவிலும் மரத்திலும் செம்புத் தகட்டிலும் வெட்டியோ கீறியோ, மையிட்டுக் காகிதத்தில் ஒற்றி எடுக்கிறார்களே, அவர்களைத்தான் பதிப்போவியர் என்கிறேன். இந்த ஊரில் இவர்களை யாரும் தேடிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. ஓவியக் கண்காட்சிகளில் மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவர் இவர்களுக்கு ஒதுக்கப்படும். ஆகவே அறிக்கையின் முதல் பத்தியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் பத்தியில் நிபந்தனைகள்.

ஒருவர் இரண்டு தாள்களுக்கு மேல் அனுப்பக்கூடாது. கண்ணாடி போட்டுச் சட்டமிட்டிருக்க வேண்டும். இருபது பிரதிகளுக்கு மேல் எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டேன் என்று கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். புத்தகமானால் கண்ணாடிப் பெட்டிக்குள், கூடத்தார் தேர்ந்தெடுக்கும் ஒரு பக்கத்தில் திறந்து வைக்கப்படும்; யாரும் தொடக்கூடாது.

கதையை வீட்டுக்கு அழைத்துவிட்டு வாசலிலேயே அதன் நாக்கை அறுக்க நான்கு வாக்கியங்கள் போதும் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

இது வெறும் அபிப்பிராய பேதமென்றால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருப்பவர், இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புத்தகம் செய்திருக்கிறார். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட ஒரு குடும்பம் அதன் விஷயம். இருபத்திரண்டு பக்கம். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே லினோத் துண்டு. முதல் பக்கத்தில் மெல்லிய கோடுகள் மட்டுமே வெட்டப்பட்டிருக்கின்றன: கறுப்பு அடர்ந்த ஒரு வீடு, உள்ளே சாமான்கள், மனிதர்கள், கொடியில் துணி. அதில் முப்பது பிரதி எடுத்த பிறகு, அதே லினோவிலிருந்து ஒரு குடத்தைச் செதுக்கி எடுத்துவிடுகிறார். செதுக்கிய இடத்தில் மை ஏறாது. இரண்டாம் பக்கத்தில் குடம் இருந்த இடம் வெள்ளை. பிறகு கட்டில். பிறகு பள்ளிக்கூடப் பை. பிறகு பாட்டி. பிறகு கதவு. பக்கம் புரளப் புரள வீடு வெளுக்கிறது. கடைசிப் பக்கத்தில் சுவரில் அடித்த ஓர் ஆணி மட்டும் கறுப்பாக நிற்கிறது. லாரி இல்லை, அதிகாரி இல்லை, வாயிலடித்துக்கொண்டு அழுகிற பெண் இல்லை. செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் முதல் பக்கத்தை இனி யாராலும், அவராலும்கூட, அச்சிட முடியாது.

சமீப வருஷங்களில் இந்த ஊரில் நான் படித்த நல்ல கதைகளில் இது ஒன்று. 'படித்த' என்றுதான் சொல்கிறேன்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். "எந்த ரெண்டு பக்கம் சார் அனுப்பறது?" என்றார். நானும் விமர்சகன் அல்லவா, யோசிக்காமல், "முதலும் கடைசியும் அனுப்புங்களேன்" என்றேன்.

"அப்ப வீடு தானாவே காணாமப் போன மாதிரி இருக்குமே சார்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் எழுதுவதெல்லாம் அதற்கு உரைதான்.

கதை ஒரு தாளில் இல்லை. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் இருக்கிறது. எது முதலில் போயிற்று, எது கடைசிவரை தாங்கிற்று, பாட்டிக்குப் பிறகு ஏன் கதவு - இந்த வரிசைதான் அந்தப் புத்தகத்தின் அரசியல், அதன் துக்கம், அதன் வடிவம் எல்லாம். ஃபிரான்ஸ் மாசெரீல் 1919ல் 167 மரவெட்டுகளை அடுக்கி, கதைக்குள் ஒரு சொல்லும் சேர்க்காமல், நகரத்துக்கு ரயிலில் வந்து இறங்கும் ஒரு மனிதனை அவன் சாகும்வரை தொடர்ந்தார். அதன் 1926ஆம் வருஷத்து ஜெர்மன் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் தாமஸ் மன். அமெரிக்காவில் லிண்ட் வார்ட் 1929ல் 139 மரச்செதுக்குகளால் 'காட்ஸ் மேன்' என்ற நாவலைச் செய்தார். இவர்களிடம் போய், 'ஐயா, நன்றாக இருக்கிறது, இரண்டை மட்டும் கொடுங்கள்' என்று கேட்க எந்த மூளைக்குத் தோன்றும்? ஒரு நாவலாசிரியரிடம் இரண்டு வாக்கியம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவோமா?

அடுத்தது இருபது பிரதி உறுதிமொழி. நான் வங்கி குமாஸ்தா. எண்ணும் கையெழுத்தும் என் பிழைப்பு. காசோலையை ரத்து செய்வது எப்படி என்று எனக்குத் தெரியும். பதிப்போவியத்திலும் அப்படி ஒரு சடங்கு உண்டு. சொன்ன எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஒரு கீறல் போடுவார்கள். கீறிய தகட்டிலிருந்து ஒரு தாள் எடுத்துச் சாட்சியாக வைத்துக்கொள்வார்கள். நன்றாயிருக்கும் தகட்டை எதற்காகக் கொல்கிறார்கள்? பென்சிலால் 3/20 என்று எழுதினால் விலை ஏறும், அதற்காக. பலருக்குப் போய்ச் சேரட்டும் என்று பிறந்த ஒரு கலையை, ஒற்றைப் பிரதி ஓவியத்தின் ஏழைத் தம்பியாக வேஷம் கட்டி உட்கார வைக்கிற ஏற்பாடு இது. ரெம்பிராண்ட் 1669ல் இறந்தார். அவருடைய தகடுகளிலிருந்து அதற்கு வெகுகாலம் பின்னும் அச்செடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயா 1799ல் 'காப்ரிசோஸ்' எண்பது தகடுகளை வெளியிட்டபோது, மாட்ரிட் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, தன் தெருவில் வாசனைத் தைலமும் மதுவும் விற்கிற கடையில் வைத்து விற்றார். ஒவ்வொரு தகட்டுக்கும் கீழே ஒரு வாசகம் உண்டு. தைலம் வாங்க வந்தவன் கோயாவைப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்தப் பெண்ணின் புத்தகமும் முப்பது பிரதிதானே, உன் வாதம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். கேட்கட்டும். அங்கே கதை லினோவைத் தின்று தீர்த்தது. இங்கே விலைக்காகத் தகட்டைக் கொல்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கலைக்கூடம் நடத்தலாம். கதையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இதில் வேடிக்கை, அவருடைய முப்பது இவர்களுடைய இருபதைத் தாண்டிவிட்டது. ஆகவே இரண்டு பக்கம் அனுப்பவும் அவருக்குத் தகுதி இல்லை!

மூன்றாவது, கண்ணாடி. தொட்டால் அழுக்காகும், கிழியும் என்பார்கள். ஆகும்தான். புத்தகம் என்றால் ஆகும். ஓவியனுக்கு இருப்பது ஒன்றே. அவன் பயப்படுவதில் நியாயம் உண்டு. பதிப்போவியனுக்கு முப்பது இருக்கிறதே, அதில் ஒன்றை ஊருக்குக் கொடுத்துவிட்டால் என்ன? மூன்று வாரம் ஆயிரம் கை பட்டு, ஓரம் மடங்கி, அட்டை தளர்ந்து போகட்டும். அதுவே அந்தக் கண்காட்சிக்குக் கிடைக்கும் சிறந்த விமர்சனமாக இருக்கும்.

என் கிளை பாரிமுனைப் பக்கம். காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் நெருக்கியடிக்கிற ஆண்டர்சன் தெரு கூப்பிடு தூரம். பாஸ்புக் பதிய வருகிற ஒரு பெரியவர் ஒரு காலத்தில் நோட்டீசுக்கும் லேபிளுக்கும் மர பிளாக் வெட்டியவர். ஒரு நாள் கௌண்டர் கூட்டம் ஓய்ந்த பிறகு அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். படத்தைப் பார்ப்பதற்கு முன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினார். பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒன்பதாம் பக்கத்தில் நின்று, "இங்க உளி வழுக்கிடுச்சு, பாவம், அத அப்படியே ஜன்னல் கம்பியா மாத்திருக்கா, கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். நான் அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை பார்த்தவன். பி.ஏ. ஆங்கிலம் எனக்கு அந்தக் கம்பியைக் காட்டவில்லை. அறிக்கையில் 'உள்ளூர்' என்று போட்டிருக்கிறார்களே, இந்த மனிதர் அதில் அடங்குவாரா? திறப்பு விழாவில் கோப்பையோடு நிற்கிறவர்கள்தான் உள்ளூரா? கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவருடைய விரல் என்ன செய்யும்?

இது இந்த மண்ணுக்குப் புதிய சமாசாரமும் அல்ல. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் படங்களோடுதான் சந்தைக்கு வந்தன. மங்கலான கண்ணுக்கும், திண்ணையில் உரக்கப் படிப்பதற்கும் தோதான எழுத்து. நடுநடுவே வெட்டுப் படம். அந்தப் படங்கள் உயர்ந்த கலை என்று நான் சொல்லவில்லை. நாட்டார் கலை என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிற கூட்டத்தில் நான் இல்லை. பலவும் முரட்டு வேலை, காகிதம் படுமட்டம். ஆனால் படமும் சொல்லும் ஒரே கையில், ஒரே மடியில், ஒரே விலையில் இருந்தன. நவீனத்துவம் என்று நாம் கொண்டுவந்தது அந்த இரண்டையும் பிரித்துத் தனித்தனிச் சேரியில் குடிவைத்ததுதான்.

'நாம்' என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். கலைக்கூடத்தாரை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துப் போவது பம்மாத்து. நம் சிறுபத்திரிகைகளில் படம் எங்கே வருகிறது? கவிதை முடிந்து கால் பக்கம் மிச்சமிருந்தால் அங்கே ஒரு கோட்டோவியம். இந்தப் பத்திரிகையும் விலக்கல்ல. போன இதழைப் புரட்டிப் பாருங்கள். வாரப் பத்திரிகையில் கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு ஆதிமூலம் போட்ட கோடுகளை வியந்து பேசுவோம். கோடு எழுத்துக்கு என்ன செய்தது, எழுத்து கோட்டுக்கு எங்கே இடம் விட்டது என்று ஒரு கட்டுரை எழுத நமக்குக் கை வரவில்லை. ஓவியத்தில் கதை இருந்தால் கௌரவக் குறைச்சல் என்று ஓவியன் நினைக்கிறான். புத்தகத்தில் படம் இருந்தால் குழந்தைச் சமாசாரம் என்று எழுத்தாளன் நினைக்கிறான். இதே பெண் நாலைந்து வருஷத்துக்கு முன் தன் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்தபோது, "இது வெறும் இலஸ்ட்ரேஷன்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான்தான். அந்தச் சொல்லை ஒரு வசையாகத்தான் பயன்படுத்தினேன். அவர் அதற்குப் பிறகு ஒரு வருஷம் உளியைத் தொடவில்லை என்று பின்னால் தெரிந்தது. கலைக்கூடத்தின் கண்ணாடிப் பெட்டியை நான் அவருக்கு அப்போதே இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறேன்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. இதே சென்னையில் தாரா பதிப்பகம் 2006ல் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி என்ற மூன்று கோண்டு ஓவியர்களின் மரங்களைக் கறுப்புக் காகிதத்தில் கையால் ஸ்க்ரீன் அச்சிட்டு, கையால் தைத்து, 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்று வெளியிட்டது. 2008ல் போலோனியாவில் பரிசு பெற்றது. பிரதிக்குப் பிரதி எண் போட்டார்கள். தீர்ந்தபோது மறுபடியும் மறுபடியும் அச்சிட்டார்கள். குடி முழுகிப் போய்விடவில்லை. எனக்குள்ள குறை, அந்த மாதிரிப் புத்தகம் தமிழ் வாசகன் கைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை என்பது. அது அவர்களைவிட நமக்குத்தான் வெட்கம்.

ஆகவே கூடத்தாருக்கு: சட்டங்களைக் கழற்றுங்கள். நீளமான மேஜைகளும் பெஞ்சுகளும் போடுங்கள். கதையை முழுசாகக் கேளுங்கள், அல்லது 'கதை' என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைக் கைகளுக்கு விட்டுவிடுங்கள். அதன் விலையைக் கண்காட்சிச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள், சமோசாவுக்கு எழுதுவதைப் போல. ஆண்டர்சன் தெருவுக்கும் ஒரு அழைப்பு அனுப்புங்கள். எத்தனை பிரதி என்பது செய்தவரின் கவலை. உங்கள் கவலை அல்ல.

அந்தப் பெண் இரண்டு பக்கம் அனுப்பவில்லை. புத்தகத்தின் ஒரு பிரதி இப்போது என் வீட்டுக் கூடத்து மேஜையில் இருக்கிறது. இந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்தபடி வருகிற எவரும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து புரட்டலாம். கை கழுவிவிட்டு வரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பெரியவர் இரண்டு தடவை வந்துவிட்டார்.