விமானத்துக்குச் சரித்திரம் உண்டு, மண்ணுக்கு?

கைவிடப்பட்ட பழைய போர் விமானங்களின் பூர்வீகத்தைத் துருவி ஆராய்வது இன்று உலகெங்கும் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காகிவிட்டது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில், டூசான் நகரை அடுத்து, 1946 முதல் இராணுவ விமானங்களை வரிசை வரிசையாக நிறுத்தி வைத்து வருகிறார்கள். வறண்ட காற்றில் உலோகம் எளிதில் அரிபடாது. தரை இறுகியிருப்பதால் தளம் போடும் செலவும் இல்லை. வாலில் மங்கிக் கிடக்கும் எண்ணைப் படித்து, விமானம் எந்த ஆலையில் உருவாயிற்று, எந்தப் படைப்பிரிவில் பறந்தது, எந்தப் போரில் குண்டு சுமந்தது என்பதையெல்லாம் ஆர்வலர்கள் கண்டறிந்து எழுதுகிறார்கள்.

இந்த உழைப்பை நாம் ஏளனம் செய்யவில்லை. அவ்விமானங்களைக் கட்டியவை தொழிலாளர் கரங்கள். அவற்றில் ஏறி மாண்டவர்கள் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகள். அவர்களது நினைவு காக்கப்படுவது நன்றே. ஆனால் நமக்கொரு கேள்வி உண்டு. குண்டைச் சுமந்த இயந்திரத்துக்கு இத்தனை விரிவான சரித்திரம் எழுதப்படும்போது, குண்டு விழுந்த இடத்துக்கும் ஓடுபாதை விழுங்கிய மண்ணுக்கும் ஏன் சரித்திரம் எழுதப்படுவதில்லை? யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நாம் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 1942 ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. இலங்கை ஒரு போர்முனையாயிற்று. அந்த யுத்த காலத்திலேதான் பிரித்தானிய விமானப்படை பலாலியின் செம்மண்மீது தன் தளத்தை அமைத்தது. படையினரின் பதிவேடுகளில் அதன் பெயர் காங்கேசன்துறை. 1945இல் 203ஆம் படைப்பிரிவின் லிபரேற்றர் விமானங்கள் இங்கு நிலைகொண்டன. நான்கு இயந்திரங்கள் பூட்டிய இந்த அமெரிக்க விமானங்கள் வங்கக் கடலைத் தாண்டிச் சுமாத்திராக் கரைவரை சென்று மீண்டன.

யுத்தம் முடிந்ததும் அவற்றின் இனத்துக்கு நேர்ந்த கதியைக் கவனியுங்கள். அமெரிக்க ஆலைகளில் 18,000க்கும் மேற்பட்ட லிபரேற்றர்கள் செய்யப்பட்டிருந்தன. மக்களின் வரிப்பணமும் தொழிலாளரின் இரவுகளும் சேர்ந்து உருவான செல்வம் அது. சமாதானம் வந்த மறுநாளே அது வேண்டாப் பொருளாயிற்று. அரிசோனாவின் கிங்மன் என்ற இடத்தில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட போர் விமானங்கள் குவிக்கப்பட்டு, பெரும்பாலானவை உருக்கி அலுமினியக் கட்டிகளாக்கப்பட்டன. பிரித்தானியாவுக்கு வழங்கப்பட்டவையோ 1941ஆம் ஆண்டின் கடன் குத்தகைச் சட்டத்துக்கு உட்பட்டவை. யுத்தம் முடிந்தால் அவற்றைத் திருப்பித் தரவேண்டும். அல்லது விலை கொடுக்கவேண்டும். இரண்டும் இல்லையேல் அழித்துவிடவேண்டும். இந்தியாவில் கான்பூர்த் தளத்தில் நின்ற லிபரேற்றர்களை மீண்டும் பறக்க முடியாதபடி சிதைத்துவிட்டே பிரித்தானியர் வெளியேறினர்.

1948இல் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் அந்தச் சிதைவுகளிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்களைப் பொருத்தியெடுத்துப் பறக்கவைத்தார்கள். 1968 வரை அவை இந்திய விமானப்படையில் பணியாற்றின. பின்னர் ஒன்று டூசான் காட்சிச்சாலைக்கும் மற்றொன்று இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றின் வாழ்க்கை வரலாறு இன்று குறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. எஜமானர் உடைத்து வீசியதை ஆசியத் தொழிலாளி உயிர்ப்பித்தான் என்பதில் நாமும் பெருமை கொள்ளலாம்.

விமானங்கள் போயின. பலாலியில் ஓடுபாதை மட்டும் போகவில்லை.

போர் விமானம் கிழடாகும், உருக்கப்படும், காட்சிப் பொருளாகும். அது இறங்கிய நிலமோ ஒருமுறை இராணுவ வரைபடத்தில் ஏறிவிட்டால் இறங்குவதேயில்லை. முதலில் அந்த ஓடுபாதை நல்ல காரியத்துக்குத்தான் உதவிற்று. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோனின் முதல் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து இங்கு வந்திறங்கிச் சென்னைக்குப் பறந்தது. ஆனால் அடுத்த யுத்தம் வந்தபோது அதற்கென ஒரு தளம் ஏற்கெனவே தயாராயிருந்தது. 1987இல் இந்தியப் படை அதில் இறங்கியது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் அடுப்பில் உலையிருக்க எழுந்தோடினார்கள். ஓடுபாதையைக் காப்பதற்கு வேலி. வேலியைக் காப்பதற்கு மற்றொரு வேலி. இப்படியே உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2013 ஏப்ரலில், 6,381 ஏக்கரை நிரந்தரமாகச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். முதுசக் காணிக்கு உறுதி வைத்திருந்தவர்கள் நீதிமன்றத்துக்குப் படியேற வேண்டியதாயிற்று. 2015இலிருந்து காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டு வருகின்றன. விடப்படாத தோட்டங்கள் இன்னும் உண்டு.

வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் விளைந்த மண் அது. கிணற்றை வெட்டியவன் யார், துலா மிதித்தவன் யார், கூலிக்கு இறைத்தவள் யார் என்பதற்கு எங்கே பதிவேடு?

இனி, குண்டு விழுந்த இடத்துக்கு வருவோம். 1993 முதல் இலங்கை விமானப்படை ஆர்ஜென்ரீனாவிலிருந்து நான்கு புக்காரா விமானங்களை வாங்கியது. மூன்று அழிந்தன, எஞ்சிய ஒன்று 1999இல் ஓய்வு பெற்று இரத்மலானைக் காட்சிச்சாலையில் நிற்கிறது. கணக்கு எவ்வளவு துல்லியம்! ஆனால் 1995 ஜூலை 9ஆந் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது விமானப்படை வீசிய குண்டுகளுக்குப் பலியானவர்கள் எத்தனை பேர்? நூற்றிருபது என்பார் உளர். நூற்று நாற்பதுக்கு மேல் என்பாரும் உளர். அதே ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி வடமராட்சி கிழக்கின் மணல்வெளியில், நாகர்கோவில் பாடசாலையில், குண்டுக்கு இரையான பிள்ளைகள் எத்தனை பேர்? அதற்கும் ஆளுக்கொரு தொகை. அரிசோனாவின் மணலில் விமானத்தின் எண் அழியாமல் காக்கப்படுகிறது. நம் மணலில் குழந்தைகளின் எண்ணிக்கை கூட ஒருமுகமாக நிலைபெறவில்லை.

அரசை மட்டும் சாடிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1998 செப்டெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயர் பயணிகள் விமானம் இரணைதீவுக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. விடுதலைப் புலிகளே அதைச் சுட்டு வீழ்த்தினர். 55 பேர் மாண்டனர். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர். அந்தச் சிதைவுகளைக் கடலடியிலிருந்து எடுக்கப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. அவர்களுக்காக நாம் எத்தனை கூட்டம் கூட்டினோம்? எத்தனை கவிதை எழுதினோம்? நம் தரப்பு வீழ்த்தியது என்பதற்காக வாய் மூடி இருப்போமானால், மற்றவர் மௌனத்தைக் குற்றஞ்சாட்டும் தகுதி நமக்கு இல்லை.

“இயந்திரம் என்ன பாவம் செய்தது? அதன் அழகையும் நுட்பத்தையும் ரசிப்பதில் என்ன தவறு?” என்று சில நண்பர்கள் கேட்பர். இயந்திரத்தின்மீது நமக்குப் பகையில்லை. விஞ்ஞானத்தை வெறுப்பவன் முற்போக்காளனல்லன். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது நாமும் மகிழ்ந்தோம். 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியதும் நல்லதே. நோயாளியும் மாணவனும் பறக்கட்டும். ஆனால் துடைத்து வர்ணம் பூசி, பூந்தொட்டிகளுக்கு நடுவே நிறுத்தப்பட்ட குண்டு விமானம் வெறும் நுட்பமாக நமக்குக் காட்டப்படும்போது, கொலையின் தடயமும் சேர்த்துத் துடைக்கப்படுகிறது. அதை ரசனை என்று ஏற்க நாம் தயாரில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே, இனிச் செய்யவேண்டியது நம் கையில் இருக்கிறது. விமான ஆர்வலரிடமிருந்து அவர்களுடைய முறையைக் கற்றுக்கொள்வோம். எண், நாள், இடம், பெயர் ஆகியவற்றை அவர்கள் எத்துணைப் பொறுமையோடு திரட்டுகிறார்களோ, அத்துணைப் பொறுமையோடு பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் ஊர்களின் கதையை ஒவ்வொரு வகுப்பும் திரட்டட்டும். கிணறு எங்கே இருந்தது, ஒழுங்கை எங்கே திரும்பியது, எந்த வளவில் யார் குடியிருந்தார் என்பதை முதியவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதட்டும். நவாலியிலும் நாகர்கோவிலிலும் இறந்தவர் பெயர்களை வீடு வீடாகச் சென்று சரிபார்த்து ஒரே பட்டியலாக்கட்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை. உறுதி வைத்திருந்தவனின் பெயரோடு பட்டியலை முடித்துவிடாதீர்கள். காணி விடுவிக்கப்பட்ட நாளில் உறுதிக்காரன் வேலியைத் தேடிப் போனான். அவன் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்தவனுக்குத் திரும்பிப் போக ஒரு பரப்பும் இல்லை. முகாம்களில் கடைசிவரை தங்கியவர்களில் நிலமற்றவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் ஏராளம். இராணுவம் பறித்தது ஒரு பங்கு. நம் சாதிச் சமூகம் அதற்கு முன்பே பறித்திருந்தது மறு பங்கு. இரண்டையும் எழுதாத சரித்திரம் பாதிச் சரித்திரமே.

நாளை யாரேனும் ஓடுபாதையை இன்னும் நீட்டவேண்டுமென்று வரைபடத்தை விரிக்கக்கூடும். அப்போது அந்த வெற்றுத்தாளின்மேல் நம் பட்டியலையும் விரித்து வைப்போம்.